அமெரிக்க செக்யூரிட்டி கிளியரன்ஸ்: குடியுரிமைக் கேள்விகளுக்குச் சென்னையிலிருந்து தயார் செய்வது எப்படி

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய பிள்ளைக்கு அங்கே அரசாங்க ஒப்பந்தம் சார்ந்த வேலை ஒன்று கிடைக்கிறது. சம்பளமெல்லாம் பேசி முடித்தபின், செக்யூரிட்டி கிளியரன்ஸ் (அரசின் ரகசியத் தகவல்களைக் கையாள அனுமதி) வேண்டும் என்று கம்பெனி ஒரு படிவத்தை நிரப்பச் சொல்கிறது. அன்று ராத்திரியே நங்கநல்லூருக்கோ மாம்பலத்துக்கோ போன் வரும். “அம்மா, அப்பாவோட பிறந்த தேதி எது? ஸ்கூல் சர்டிபிகேட்ல இருக்கிறதா, ஜாதகத்துல இருக்கிறதா?”

நான் மேற்கு மாம்பலத்தில் ஆடிட்டராக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்கள். வாடகை வருமானம், என்ஆர்ஓ கணக்கு (வெளிநாட்டில் இருப்பவர் இந்தியாவில் வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கு) என்று வந்துகொண்டிருந்தவர்கள் இப்போது இதற்கும் வருகிறார்கள். முடிவெடுப்பது என்னவோ அமெரிக்க அதிகாரிதான். ஆனால் அவர் கேட்கும் கேள்விகளில் பாதிக்கான பதில் இங்கே அம்மாவின் பீரோவில் இருக்கிறது. அதை எப்படி எடுத்து, சரிபார்த்து அனுப்புவது என்பதைத்தான் எழுதுகிறேன். அமெரிக்கச் சட்டத்தில் நுணுக்கமான சந்தேகம் வந்தால் இந்தத் துறையில் இருக்கும் அங்குள்ள வக்கீலிடம் போங்கள். கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரியிடமும் தயங்காமல் கேட்கலாம், அவர் இருப்பதே அதற்காக.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிளியரன்ஸுக்கு நாமாக விண்ணப்பிக்க முடியாது. அரசுத் துறையோ ஒப்பந்தக் கம்பெனியோதான் நம் பெயரை அனுப்ப வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம், கிரீன் கார்டு போதாது. ஆகவே “கிளியரன்ஸ் வாங்கித் தருகிறோம், பணம் கட்டுங்கள்” என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

இரட்டைக் குடியுரிமை இருந்தால் கிளியரன்ஸ் கிடைக்காதா?

கிடைக்கும். இதில்தான் பலரும் வீணாகப் பயப்படுகிறார்கள். 2017 ஜூன் 8 முதல் நடைமுறையில் இருக்கும் எஸ்.இ.ஏ.டி. 4 என்ற உத்தரவுதான் கிளியரன்ஸ் முடிவுகளுக்கு அடிப்படை. அதில் ஏ முதல் எம் வரை 13 தலைப்புகள். சி தலைப்பு அயல்நாட்டுச் சார்பு பற்றியது. அமெரிக்கக் குடிமகன் வேறொரு நாட்டின் குடிமகனாகவும் இருக்கிறார் என்பது மட்டுமே அவரைத் தகுதி இழக்கச் செய்யாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அந்தக் குடியுரிமை அமெரிக்க நலனோடு மோதுகிறது என்று ஆதாரத்தோடு காட்ட வேண்டும், அல்லது அதை மறைக்க முயன்றிருக்க வேண்டும். அப்போதுதான் அது குறையாகிறது.

பிறப்பாலோ பெற்றோர் வழியிலோ வந்த இரண்டாவது குடியுரிமை, வேறு எந்தச் சார்பும் தெரியவில்லை என்றால், சாதகமாகவே பார்க்கப்படும். பாதகமாகப் பார்க்கப்படுபவை வேறு: தானாகப் போய் இன்னொரு நாட்டுக் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பது, வேறு நாட்டுப் பாஸ்போர்ட் கையில் இருப்பதைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் விடுவது, அமெரிக்காவுக்குள் வரும்போதும் போகும்போதும் அமெரிக்கப் பாஸ்போர்ட்டைப் பயன்படுத்தாமல் இருப்பது.

உறவினர் யாராவது “பழைய பாஸ்போர்ட்டை வெட்டிப் போடு, எரித்துவிடு” என்று சொன்னால் கேட்காதீர்கள். 2017க்கு முந்தைய விதிகளில், செல்லுபடியாகும் அயல்நாட்டுப் பாஸ்போர்ட் கையில் இருப்பதே குறை. அதை ஒப்படைத்தால் அல்லது அழித்தால்தான் நிவர்த்தி. அந்தக் காலத்து அறிவுரை இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட்டை நாமே அழிப்பது இங்கே வேறு சிக்கலைக் கொண்டுவரும். அதை முறைப்படி ஒப்படைப்பதற்கு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

நம் பிள்ளை உண்மையிலேயே இரட்டைக் குடிமகனா?

இந்தியாவில் பிறந்து அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர் இரட்டைக் குடிமகன் இல்லை. 1955ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற அந்த நிமிடமே இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது. அதற்குத் தனியாக ஒரு மனுப் போட வேண்டியதில்லை. இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டையை இரட்டைக் குடியுரிமை என்று கல்யாண வீட்டில் பேசிக்கொள்வார்கள். 2005 சட்டத் திருத்தத்தோடு வந்த அந்த அட்டை ஆயுள்கால விசா மாதிரிதான். அதை வைத்து ஓட்டுப் போட முடியாது, தேர்தலில் நிற்க முடியாது, அரசு வேலைக்குப் போக முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது.

இந்த விஷயத்தைப் படிவத்தில் யாரும் நமக்காக விளக்கப் போவதில்லை. எஸ்எஃப்-86 என்ற அந்தப் படிவம் நூறு பக்கத்துக்கு மேல் நீளும். இப்போது அதை இணையத்தில்தான் நிரப்புகிறார்கள். இரட்டைக் குடியுரிமை எப்போதாவது இருந்ததா என்றும், அமெரிக்கா தவிர வேறு நாடு எப்போதாவது பாஸ்போர்ட் கொடுத்ததா என்றும் 10ஆம் பகுதியில் கேட்பார்கள். ‘எப்போதாவது’ என்பதைக் கவனியுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தவர் எல்லோருக்கும் இரண்டாவது கேள்விக்கு ஆம்தான் பதில், அது காலாவதியாகி இருபது வருஷம் ஆகியிருந்தாலும் சரி. புதிய படிவங்கள் வரும்போது பகுதி எண்கள் மாறலாம், கேட்கப்படும் சங்கதி இதுதான்.

குறிப்புக்கான கட்டத்தில் இந்த வரிசையில் எழுதச் சொல்வேன்: இந்தியாவில் பிறந்தேன், பிறப்பால் இந்தியக் குடிமகன். இன்ன தேதியில் அமெரிக்கக் குடியுரிமை பெற்றதும் இந்தியச் சட்டப்படி அது முடிந்தது. பாஸ்போர்ட்டை இன்ன தேதியில் ஒப்படைத்தேன், சான்றிதழ் இருக்கிறது. இன்று என்னிடம் இருப்பது ஓசிஐ அட்டை, அது குடியுரிமை தருவதில்லை. நான்கு வரி போதும். ஓசிஐ பற்றி நேரடியாகக் கேட்கவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். எப்படியும் தெரியப் போவதை நாமே சொல்லிவிடுவது நல்லது.

அமெரிக்காவிலேயே பிறந்த பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இந்தச் சிக்கல் கிடையாது. ஆனால் பிறந்த கையோடு இந்தியத் தூதரகத்தில் இந்தியக் குடிமகனாகப் பதிவு செய்யப்பட்ட குழந்தைகளும் இருக்கிறார்கள். அப்படிப் பதிவானவர்கள் 18 வயது முடிந்து ஆறு மாதத்துக்குள் மற்றக் குடியுரிமையைத் துறக்காவிட்டால் இந்தியக் குடியுரிமை போய்விடும். பெற்றோர் அந்தக் காலத்தில் என்ன செய்தார்கள் என்று ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இலங்கையில் பிறந்தவர்களுக்குக் கணக்கு வேறு. அந்த நாட்டுச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது. விண்ணப்பித்து அதைத் தக்கவைத்துக்கொண்டவர் உண்மையிலேயே இரட்டைக் குடிமகன்தான், அப்படியே எழுத வேண்டும். எப்போது, எதற்காக வாங்கினோம் (சொத்துக்காகவா, வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ளவா) என்ற காரணத்தையும் சேர்த்து எழுதினால் படிக்கிறவருக்குப் புரியும். தேவைப்பட்டால் துறக்கத் தயார் என்பதும் உத்தரவிலேயே சொல்லப்பட்ட ஒரு சாதகமான அம்சம்.

பீரோவைத் திறக்கும்போது

முதலில் பழைய பாஸ்போர்ட். குடியுரிமை வாங்கியபின் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்து சரண்டர் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். அமெரிக்காவில் இருப்பவர்கள் விஎஃப்எஸ் (தூதரகத்துக்காக விண்ணப்பங்களை வாங்கும் நிறுவனம்) வழியாகச் செய்யலாம். ஓசிஐ வாங்கியவர் அப்போதே செய்திருப்பார். ஓசிஐ வாங்காமல் விட்டவர்களின் பாஸ்போர்ட் இங்கே மாமியாரின் நகைப்பெட்டியில் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். இதைவிடச் சிக்கலானது, அமெரிக்கக் குடிமகன் ஆனபிறகும் விசா எடுக்கச் சோம்பல்பட்டு இந்தியப் பாஸ்போர்ட்டில் சென்னை வந்து போவது. இந்தியச் சட்டப்படி அது குற்றம். அங்கே அது ‘இவர் எந்த நாட்டுக்காரராக நடந்துகொள்கிறார்’ என்ற கேள்வியை எழுப்பும். அப்படி நடந்திருந்தால் வக்கீலைக் கேட்டு, ஒப்படைப்பதை ஒப்படைத்து, நடந்ததை நடந்தபடி எழுதுவது ஒன்றே வழி.

அடுத்து வாக்காளர் பட்டியல். இதை யாரும் நினைத்தே பார்ப்பதில்லை. பிள்ளை பதினைந்து வருஷமாக வர்ஜீனியாவில் இருப்பான், இங்கே பூத் சிலிப் அவன் பெயரில் வந்துகொண்டிருக்கும். அம்மாவும் அதைப் பத்திரமாக எடுத்து வைத்திருப்பார். இந்தியக் குடிமகனாக இல்லாதவர் பெயர் பட்டியலில் இருக்கக் கூடாது. படிவம் 7 கொடுத்து நீக்கச் சொல்லுங்கள், ஒப்புகையை வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுத் தேர்தலில் எப்போதாவது வாக்களித்தீர்களா என்றும் அமெரிக்கப் படிவம் கேட்கிறது. கல்லூரி நாளில் தி. நகர் பூத்தில் போட்ட ஓட்டும் அதில் சேரும். ஆம் என்று எழுதி, அப்போது நான் இந்தியக் குடிமகன் என்று காரணம் சொன்னால் போதும். அதில் ஒரு தப்பும் இல்லை.

பழைய ஆதார் அட்டை இருப்பதால் யாரும் இந்தியக் குடிமகன் ஆகிவிடுவதில்லை. அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பெயர் விஷயம்தான் தமிழர்களைப் படாதபாடு படுத்துகிறது. பள்ளியில் எஸ். ரமேஷ். கல்லூரிச் சான்றிதழில் ரமேஷ் எஸ். முதல் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி, அதனால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்என்யூ’ (முதல் பெயர் தெரியவில்லை) என்று மூன்று எழுத்து. குடியுரிமை வாங்கும்போது ரமேஷ் சுப்ரமணியன். படிவம் கேட்கும் ‘வேறு பெயர்கள்’ பட்டியலில் இத்தனையும், எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை என்ற குறிப்போடு, வர வேண்டும். அம்மாவுக்கோ கல்யாணத்துக்கு முன் அப்பாவின் இனிஷியல், பின் கணவரின் இனிஷியல். பிறந்த வீட்டுப் பெயர் என்ன என்று கேட்டால் குழம்பிப்போகிறார்கள். பழைய இனிஷியலை விரித்து எழுதி, தமிழர் பெயர்களில் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பனார் பெயரின் முதல் எழுத்தைத்தான் போடுவோம் என்று ஒரு வரி விளக்கம் சேர்த்துவிடுங்கள்.

முகவரியும் அப்படித்தான். சென்னையில் பாதித் தெருக்களில் ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு உண்டு. அப்பாவின் பென்ஷன் புத்தகத்தில் ஒரு எண், கேஸ் பில்லில் இன்னொன்று. இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள், இல்லாவிட்டால் இரண்டு வீடு என்று படும்.

பிறந்த தேதி குழப்பத்துக்கும் வழி இருக்கிறது. பள்ளியில் சேர்க்க வேண்டும் என்பதற்காக அந்தக் காலத்தில் ஏற்றிப் போட்ட தேதிதான் பாஸ்போர்ட், பென்ஷன் எல்லாவற்றிலும் இருக்கும். ஆவணத்தில் இருப்பதை எழுதுங்கள், உண்மைத் தேதி வேறு என்று தெரிந்தால் குறிப்பில் சொல்லுங்கள். சரியாகத் தெரியாத தேதிகளுக்கு ‘உத்தேசம்’ என்று குறிக்கப் படிவத்திலேயே இடம் இருக்கிறது.

உறவுகளைப் பட்டியல் போடுவது

குடியுரிமையைவிட அதிகம் ஆராயப்படுவது இதுதான் என்பது என் எண்ணம். எஸ்.இ.ஏ.டி. 4 உத்தரவின் பி தலைப்பு, அயல்நாட்டுச் செல்வாக்கு. அன்புக்குரியவர்கள் வேறு நாட்டில் இருந்தால், அவர்களை வைத்து யாராவது நெருக்கடி கொடுக்க முடியுமா என்று பார்க்கிறார்கள். அம்மா மயிலாப்பூரில் இருப்பது குற்றமா என்று பெற்றோர்கள் என்னிடம் வருத்தப்பட்டுக் கேட்டிருக்கிறார்கள். குற்றமில்லை. அவர் யார், என்ன செய்கிறார் என்பது தெளிவாகத் தெரிந்தால் போதும்.

படிவத்தின் 18ஆம் பகுதியில் அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள், மாமனார், மாமியார் எல்லோரும் வர வேண்டும். சித்தி, அத்தை, மாமா, அத்திம்பேர், ஒன்றுவிட்ட அண்ணன் அதில் வரமாட்டார்கள். ஆனால் கடந்த ஏழு வருஷத்தில் நெருக்கமான, தொடர்ந்த பழக்கம் இருந்தால் 19ஆம் பகுதியில் வர வேண்டும். வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் இருக்கும் அறுபது பேரையும் எழுத வேண்டுமா என்று ஒரு பையன் கேட்டான். குழுவில் தினமும் காலை வணக்கம் அனுப்பும் பெரியப்பாவோடு தனியாகப் பேசுகிறாயா, அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் உனக்குக் கவலை வருமா என்று கேட்டேன். வரும் என்றான். அப்படியானால் அவர் உண்டு. கல்யாணத்தில் பார்த்து இரண்டு வார்த்தை பேசிய தூரத்துச் சொந்தத்துக்குத் தேவையில்லை. மனைவியின் பக்கத்து நெருங்கிய பழக்கங்களையும் அந்தக் கேள்வி கேட்கிறது, ஆகவே சம்பந்தி வீட்டுக்கும் ஒரு போன் போட வேண்டியிருக்கும்.

அடுத்தது உத்தியோகம். உறவினருக்கு அரசாங்கம், ராணுவம், பாதுகாப்புத் துறை, உளவுத் துறை ஆகியவற்றோடு தொடர்பு உண்டா என்று கேட்பார்கள். சென்னையில் இது சாதாரணமாக ஆம் என்ற பதிலில்தான் போய் முடியும். அண்ணன் ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் இருப்பார், மாமனார் கல்பாக்கத்தில் ஓய்வு பெற்றிருப்பார், அப்பா மின்வாரியம், அம்மா மாநகராட்சிப் பள்ளி ஆசிரியை. மின்வாரியமும் பள்ளிக்கூடமும் அரசாங்கம்தானா என்று யோசித்து யோசித்து விட்டுவிடுகிறவர்கள் உண்டு. எழுதிவிடுங்கள். பதவி என்ன, எந்த வருஷம் ஓய்வு, இப்போது பென்ஷன் மட்டும்தானா, இதையெல்லாம் ஓய்வூதிய ஆணையைப் பார்த்து எழுதி அனுப்பினால் பிள்ளைக்கு வேலை மிச்சம். ஆவடி, கல்பாக்கம் என்று வந்தால் கேள்வி கூடுதலாக வரும், வரட்டும். ஆனால் அவர்கள் செய்த வேலையின் உள்விவரம் எதையும் பிள்ளையிடம் சொல்ல வேண்டாம். இங்குள்ள ரகசியச் சட்டமும் அதை அனுமதிக்காது, அந்தப் படிவமும் அதைக் கேட்கவில்லை.

சொத்தும் பணமும்

என் மேஜையில் அதிக நேரம் எடுப்பது இந்தப் பகுதிதான். ஏனென்றால் பிள்ளைகளுக்குத் தங்களிடம் இங்கே என்ன இருக்கிறது என்பதே தெரிவதில்லை.

ஒரு அம்மா மஞ்சப்பையோடு வந்தார். மகன் வீடியோ காலில். “எனக்கு இந்தியாவுல சொத்தே கிடையாது ஆன்ட்டி. ஃபிளாட் அப்பா பேர்லதான் இருக்கு” என்றான்.

“அப்பா உயில் எழுதி வச்சாராப்பா?”

“இல்லை. திடீர்னு போயிட்டாரு.”

“பாட்டி?”

“அதுக்கு முன்னாடியே தவறிட்டாங்க.”

“அப்படின்னா அம்மாவுக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு, தங்கச்சிக்கு ஒண்ணு. மூணுல ஒரு பங்கு உன்னுது.”

அம்மா பையிலிருந்து மாநகராட்சி சொத்து வரி ரசீதை எடுத்துக் காட்டினார். அதில் இன்னும் அவர் கணவர் பெயர்தான். வரி ரசீதில் யார் பெயர் இருக்கிறது என்பதை வைத்து உரிமை முடிவாவதில்லை. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் கணவர் இறந்த அன்றே மனைவி, மகன், மகள், உயிரோடிருந்தால் இறந்தவரின் தாய், எல்லோருக்கும் சம பங்கு வந்துவிடுகிறது. கையெழுத்தே போடாமல் ஒருவர் மேற்கு மாம்பலத்தில் சொத்துக்காரர் ஆகிவிடுகிறார். கும்பகோணம் பக்கத்துப் பூர்வீக வீடு, பாகம் பிரிக்காத நிலம் இருந்தால் பேரனுக்கும் பிறப்பிலேயே பங்கு இருக்கக்கூடும். மகள்களை விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 1989 திருத்தமும் நாடு முழுக்க 2005 திருத்தமும் அவர்களுக்கும் கூட்டுக் குடும்பச் சொத்தில் உரிமை கொடுத்திருக்கின்றன. அமெரிக்காவில் இருக்கும் மகள் ‘எனக்கு ஒன்றும் வேண்டாம்’ என்று வாயால் சொல்லியிருப்பாள். வாயால் சொன்னது கணக்கில் வராது.

ஆகவே வரிசையாக இதைச் செய்யுங்கள். தாசில்தாரிடமிருந்து வாரிசுச் சான்றிதழ். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று. பட்டா யார் பெயரில் என்று பாருங்கள். இவற்றை வைத்துப் பங்கு எவ்வளவு, இன்றைய மதிப்பு ரூபாயில் எவ்வளவு, டாலரில் எவ்வளவு என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். அதற்குப் பக்கத்தில் பிள்ளைக்கு அமெரிக்காவில் இருக்கும் வீடு, ஓய்வூதியச் சேமிப்பு, வங்கி இருப்பு. அயல்நாட்டுச் சொத்து பெரியதா, அதை வைத்து ஒருவரை வளைக்க முடியுமா என்றுதான் அவர்கள் பார்க்கிறார்கள். மொத்தத்தில் சிறு பகுதி, வழக்கமான குடும்பச் சொத்து என்று தெரிந்தால் அது சாதகமான அம்சம் என உத்தரவே சொல்கிறது. ஒப்பீடு இல்லாமல் வெறும் இந்தியத் தொகையை மட்டும் போட்டால் அது பெரிதாகத் தெரியும்.

கிளியரன்ஸுக்காக அவசர அவசரமாக வீட்டை விற்காதீர்கள். அம்மா குடியிருக்கும் வீடு. அண்ணன் தங்கைக்குள் உண்மையிலேயே விட்டுக்கொடுக்கும் எண்ணம் இருந்தால் விடுதலைப் பத்திரம் போடலாம். அமெரிக்காவிலிருந்து வர முடியாதவர் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று பவர் அனுப்பலாம். அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டிவிட வேண்டும். படிவத்தைக் கொடுத்தபின் பத்திரம் போட்டால் அதையும் சொல்ல வேண்டியிருக்கும், சொல்லிவிட்டுச் செய்தால் சரி.

இனி வங்கி. கல்லூரியில் படிக்கும்போது அம்மாவோடு கூட்டாகத் திறந்த சாதாரண சேமிப்புக் கணக்கு இன்னும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்ட விதிப்படி வெளிநாடு போனதும் அதை என்ஆர்ஓ ஆக மாற்றியிருக்க வேண்டும். மாற்றுங்கள். பணம் முழுக்க அம்மாவுடையது, பிள்ளை பெயர் ஒரு வசதிக்குத்தான் என்றால் பெயரை எடுத்துவிட்டு நாமினியாகப் போடலாம். நாமினி உரிமையாளர் ஆகமாட்டார், ஆனால் கூட்டுக் கணக்கில் இருக்கும் பெயரை அமெரிக்கப் படிவத்தில் காட்டியாக வேண்டும்.

அமெரிக்கக் குடிமகனுக்கு வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாம் சேர்ந்து வருஷத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் எஃப்பார் அறிக்கை தாக்கல் செய்திருக்க வேண்டும். கூட்டுக் கணக்கும் சேரும். பிபிஎஃப்பையும் சரண்டர் மதிப்புள்ள எல்ஐசி பாலிசியையும் பட்டியலில் சேர்க்கச் சொல்வேன். இந்த அறிக்கையைத் தாக்கல் செய்யாமல் விட்டவர்கள் ஏராளம். கிளியரன்ஸ் படிவத்தில் வங்கிக் கணக்கை எழுதிவிட்டு எஃப்பாரில் அது இல்லையென்றால், எஃப் தலைப்பான நிதி ஒழுக்கத்தில் புதுச் சந்தேகம் கிளம்பும். தாமதமாகத் தாக்கல் செய்யவும் வழிமுறைகள் இருக்கின்றன. அங்குள்ள வரி ஆலோசகரிடம் இதைச் சரிசெய்துவிட்டு, அப்புறம் படிவத்தைக் கொடுங்கள். இங்கிருந்து வேண்டியது வருஷவாரியாக உச்ச இருப்பு. வங்கி அறிக்கையைப் பார்த்து நான் எடுத்துக் கொடுக்கிறேன், உங்கள் ஆடிட்டரும் கொடுப்பார்.

அம்மாவுக்கு மாதாமாதம் அனுப்பும் பணமும் உண்டு. அயல்நாட்டுக் குடிமகனுக்கு எப்போதாவது பொருளுதவி செய்தீர்களா என்ற கேள்விக்கு அதுதான் பதில். பெற்ற தாய்க்கு அனுப்புவதை உதவி என்று சொல்ல மனம் கூசும், தெரியும். ஆனாலும் எழுத வேண்டும், மாதம் இவ்வளவு, இந்த வருஷத்திலிருந்து என்று.

மற்ற நாடுகள்

பிரிட்டனில் இரட்டைக் குடியுரிமை பொதுவாகத் தடையில்லை, சில பதவிகளுக்கு மட்டும் கட்டுப்பாடு உண்டு. அங்கே வசித்த காலம்தான் பெரிதாகப் பார்க்கப்படும்: எஸ்சி (செக்யூரிட்டி செக்) என்ற கிளியரன்ஸ் நிலைக்கு வழக்கமாக ஐந்து வருஷம், அதற்கும் மேலான டிவி (டெவலப்டு வெட்டிங்) நிலைக்குப் பத்து. ஆஸ்திரேலியாவில் அந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும், கூடவே வேறொன்று இருப்பது தடையில்லை. மேல்நிலைகளுக்குப் பத்து வருஷப் பின்னணி சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். அங்கும் வேண்டியது இதே காகிதங்கள்தான்.

தடை வந்தால், கிடைத்தபின்

கிளியரன்ஸ் யாருக்கும் உரிமை கிடையாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1988இல் ஈகன் வழக்கில் சொல்லிவிட்டது. சந்தேகம் இருந்தால் அது தேசப் பாதுகாப்புக்குச் சாதகமாகத்தான் தீரும். ஆனால் காரணம் சொல்லாமல் மறுப்பதில்லை. ஒப்பந்த ஊழியருக்குக் காரணங்களைப் பட்டியலிட்டு ஒரு கடிதம் வரும், 20 நாளுக்குள் பதில் தர வேண்டும். டோஹா என்ற அமைப்பின் (அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் விசாரணை, மேல்முறையீட்டு அலுவலகம்) நீதிபதி முன் விசாரணையும் கேட்கலாம். அந்த அமைப்பின் தீர்ப்புகள் பெயர் நீக்கி இணையத்தில் இருக்கின்றன. இந்தியாவில் உறவும் சொத்தும் உள்ளவர்களின் வழக்குகளைத் தேடிப் படியுங்கள், என்னென்ன காகிதம் கைகொடுத்தது என்று தெரியும். இருபது நாளில் சென்னையிலிருந்து வாரிசுச் சான்றிதழ் வாங்கி அனுப்புவது நடக்கிற காரியமில்லை. அதனால்தான் முன்கூட்டியே எடுத்து வைக்கச் சொல்கிறேன்.

தெரிந்தே பொய் எழுதினால் அது அங்கே ஐந்து வருஷம் வரை சிறைக்கு இடமுள்ள குற்றம். ஞாபகமில்லாமல் விட்டதை அதிகாரி கேட்கும் முன்பே நாமே போய்த் திருத்தினால் அப்படிப் பார்க்கப்படுவதில்லை. படிவத்தைக் கொடுத்தபின் ஏதாவது நினைவுக்கு வந்தால் அன்றைக்கே பாதுகாப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட வேண்டும்.

கிடைத்தபின்னும் சொல்ல வேண்டியவை தொடரும். வெளிநாட்டுப் பயணம், புதிய அயல்நாட்டுப் பழக்கம், அயல்நாட்டுப் பாஸ்போர்ட், மேல்நிலை கிளியரன்ஸ் என்றால் புதிதாக வந்த சொத்து, வங்கிக் கணக்கு எல்லாம். சென்னைக்கு வருவதை டிக்கெட் போடும்போதே தெரிவிக்க வேண்டும். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, உடனே கிளம்பு என்று இங்கிருந்து போன் போகும் நாளும் வரும். அவசரப் பயணத்துக்கு இடம் உண்டு. கிளம்பும் முன் மேலதிகாரியிடம் வாய்மொழியாகவாவது சொல்லிவிட்டு, முழு விவரத்தைத் திரும்பியபின் எழுதிக் கொடுக்கலாம். அந்த நேரத்தில் எண்ணைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. கம்பெனிப் பாதுகாப்பு அதிகாரியின் எண்ணைப் பிள்ளையின் போனிலும், அவன் மனைவியின் போனிலும் இப்போதே சேமித்து வைக்கச் சொல்லுங்கள்.